பைகால்ஃபேட் ரிவியூ: ராணிப்பேட்டை ஹீட் ட்ரீட்மென்ட் ஷெட்ல ஒரு வருஷம் ஓட்டி பாத்தது

போன வருஷம் ஒரு திங்கக்கிழமை காலைல எங்க ஷெட்ல அனீலிங் (சூடு பண்ணி மெதுவா ஆற வைக்குற) ஃபர்னஸ் ட்ரே ஒண்ணு ரெண்டா உடைஞ்சி போச்சி. ஞாயித்துக்கிழமை ஃபர்னஸ் ஆஃப், ட்ரே நல்லா ஆறி இருந்துது, ஃபோர்க்லிஃப்ட்ல தூக்கும்போது ஓரம் லேசா ஃபர்னஸ் கதவு சட்டத்துல இடிச்சுது, அவ்ளோதான், பீங்கான் தட்டு மாதிரி டக்குனு ரெண்டு துண்டு. வளையல, நெளியல. உடைஞ்ச எடத்த பாத்தா கருங்கல் உடைச்ச மாதிரி பொறிபொறியா மினுக்குது. எங்க ஃபோர்மேன் அண்ணன் அத கைல வெச்சிக்கினு "இன்னா தம்பி, வார்ப்பு இரும்பு கணக்கா உடையுது, எஸ்எஸ்ஸுன்னு தானே காசு குடுத்தோம்?"னு கேட்டாரு. காந்தத்த எடுத்தாந்து வெச்சி பாத்தாரு, ஒட்டல. சர்டிஃபிகேட்ட எடுத்து பாத்தோம், எல்லா நம்பரும் ஸ்பெக்குக்குள்ள தான் இருக்குது. ஃபவுண்டரிக்காரர கேட்டா "நான் எச்கே கிரேடு தான் ஊத்துனேன், பேப்பர் பாருங்க"ன்றாரு, அவர் சொன்னதும் நெசம் தான், எச்கேன்றது சூடு தாங்குற குரோமியம் நிக்கல் வார்ப்பு எஃகுக்கு பேரு.

அந்த ட்ரே உடைஞ்சதுக்கு காரணம் தேடப்போய் தான் நான் பைகால்ஃபேட்டுன்ற, உலோகக் கலவைக்கு கணக்கு போடுற கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு வந்தேன். ஒரு வருஷமா ஓட்டிக்கினு இருக்கேன், நம்ம சைடு சின்ன யூனிட்டுல இருக்குறவங்க யாராவது படிச்சா உபயோகமா இருக்கும்னு தான் இவ்ளோ நீளமா எழுதுறேன். தமிழ்ல இத பத்தி எழுதுனத நான் தேடுன வரைக்கும் பாக்கல, எனக்கு அப்போ யாராவது சொல்லி இருந்தா மூணு மாசம் மிச்சம் ஆகி இருக்கும்.

மொதல்ல எதுக்கு இது வேணும்னு சொல்லிடுறேன். இரும்பு குரோமியம் ஃபேஸ் டயக்ராம் டிப்ளமோல எல்லாரும் பாத்தது தான், எந்த கலவை எந்த சூட்டுல எந்த அமைப்புல (அதான் ஃபேஸ்) இருக்கும்னு காட்டுற படம். நடுவுல, குரோமியம் அணு கணக்குல கிட்டத்தட்ட 46 சதவீதம் இருக்குற எடத்துல, 830 டிகிரிக்கு கீழ சிக்மான்னு ஒரு ஃபேஸ் வரும். ரொம்ப கெட்டியான, ரொம்ப நொறுங்குற சரக்கு. சூட்டுல இருக்கும்போது அது பெருசா காட்டிக்காது, ஆறுனதுக்கு அப்புறம் தான் லேசா தட்டுனாலே உடையும், காந்தமும் ஒட்டாது, அதனால எங்க அண்ணனோட காந்தம் அத கண்டுபிடிக்க வழியே இல்ல. சரி, ஆனா எங்க ட்ரேல 46 சதவீதம் குரோமியம் இல்லியே, 28 பக்கம் தானே, கூட நிக்கல், கார்பன், சிலிக்கான் எல்லாம் இருக்குதே, அந்த ரெண்டு தனிமம் படத்த வெச்சிக்கினு இதுக்கு இன்னா சொல்ல முடியும்? அஞ்சு தனிமம்னா ஜோடி மட்டுமே 10, மூணு மூணா எடுத்தா இன்னும் 10. எட்டு தனிமம் போற, ஜெட் இன்ஜின்ல போடுற சூப்பர் அலாய்ன்ற உலோகக் கலவைன்னா 28 ஜோடி, 56 மும்மை. பேப்பர்ல வரைஞ்சு மாளாது.

கால்ஃபேட்ன்ற முறை இந்த எடத்துல தான் கை குடுக்குது. ஒவ்வொரு ஃபேஸுக்கும் கிப்ஸ் எனர்ஜி (கம்மியா இருந்தா தான் நிலைச்சி நிக்கும்) எவ்ளோன்னு டெம்பரேச்சர், காம்போசிஷன் ரெண்டையும் வெச்சி ஒரு ஃபார்முலா எழுதிக்கினு, ஜோடிங்களுக்கும் மும்மைங்களுக்கும் சோதனைல கெடைச்ச டேட்டாவ வெச்சி அத சரி பண்ணிக்கினு, பெரிய அலாய்க்கு அதையெல்லாம் சேத்து கணக்கு போடுறது. எந்தெந்த ஃபேஸ் எவ்ளோ எவ்ளோ இருந்தா மொத்த எனர்ஜி கம்மியா இருக்கும்னு கம்ப்யூட்டர் தேடும், தண்ணி பள்ளத்த தேடி போற மாதிரி. 1908லயே வான் லார்னு ஒருத்தர் கையாலயே இப்படி படம் போட்டு இருக்காரு, கம்ப்யூட்டர்ல அலாய்க்குன்னு கொண்டாந்து நிறுத்துனது லாரி காஃப்மேன், 1970ல பெர்ன்ஸ்டைனோட சேந்து. 1991ல டின்ஸ்டேல் சுத்தமான தனிமங்களோட எனர்ஜி டேட்டாவ ஒரே எடத்துல தொகுத்து குடுத்தாரு, அதுக்கு அப்புறம் உலகத்துல பாதி பேரு ஒரே அஸ்திவாரத்துல கட்ட ஆரம்பிச்சாங்க. இத படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்த்து போச்சி, நெசமா. எங்கியோ யாரோ உலையில ஒரு துண்டு இரும்ப வெச்சி அளந்த சூடு, இங்க பாலாத்தங்கரைல ஒரு ஷெட்டுல உடைஞ்ச ட்ரேவுக்கு பதில் சொல்லுது.

பைகால்ஃபேட் இந்த கணக்க போடுற பைத்தான் லைப்ரரி. அமெரிக்காவுல பென்சில்வேனியா ஸ்டேட் யூனிவர்சிட்டில ரிச்சர்ட் ஓட்டிஸ், சி-குய் லியு ரெண்டு பேரும் ஆரம்பிச்சது, 2017ல கட்டுரையா வந்துது. ஓப்பன் சோர்ஸ், ஃப்ரீ, லைசென்ஸ் தொல்லை இல்ல. காசு குடுத்து வாங்குற சாஃப்ட்வேருங்க எல்லாம் நல்ல சரக்கு தான், ஸ்வீடன்ல இருந்து வர்ற தெர்மோ-கால்க் 1980கள்ல இருந்து இருக்குது, ஆனா எங்கள மாதிரி மூணு ஃபர்னஸ் வெச்சி ஓட்டுற யூனிட்டு வாங்குற விலை இல்ல. அவங்களோட இலவச எடிஷன் படிக்கிற பசங்களுக்கானது, மூணு தனிமத்தோட நின்னுடும், ஆனா எங்க ட்ரேலயே அஞ்சு இருக்குதே.

இன்ஸ்டால் பண்றது சுலபம், ஒரு வரி. அதுக்கு அப்புறம் தான் நெறைய பேரு ஓடிடுவாங்க, ஏன்னா தொறந்தா ஒரு ஜன்னலும் வராது, பட்டனும் இல்ல, எல்லாமே கோட் எழுதி தான். எனக்கு பைத்தான் கொஞ்சம் தான் தெரியும், காலேஜ்ல ஒரு செமஸ்டர் படிச்சது, நைட்டு காட்பாடி வீட்டுல மாடில உக்காந்து ஒரு வாரம் போராடுனேன், மே மாசம், அக்னி நட்சத்திரம், வேலூர் வெயில் ராத்திரி பதினொரு மணிக்கும் சுவத்துல இருந்து இறங்காது, லேப்டாப் ஒரு பக்கம் கொதிக்குது.

நான் முட்டிக்கிட்ட எடத்த எல்லாம் சொல்லிடுறேன், நீங்க முட்டிக்காதீங்க. தனிமம் லிஸ்ட்ல விஏன்னு ஒண்ணு சேக்கணும், அது வேகன்சி, காலி எடம். அத மறந்தா பாதி ஃபேஸ் காணாம போகும், எர்ரர் மெசேஜும் நேரா அத சொல்லாது. டெம்பரேச்சர் கெல்வின்ல குடுக்கணும், பிரஷர் பாஸ்கல்ல, 101325. இது எல்லாத்த விட பெருசு, சர்டிஃபிகேட்ல இருக்குறது எடை சதவீதம், இது சாதாரணமா கேக்குறது மோல் அளவு, அதாவது அணு எண்ணிக்கைல எத்தன பங்குன்னு. நான் மொத ரெண்டு வாரம் கார்பன் 0.22 சதவீதம்னா 0.0022னு போட்டுக்கினு இருந்தேன். எங்க ட்ரேவோட காம்போசிஷன்ல 0.22 எடை சதவீத கார்பன் அணு கணக்குல ஏறக்குறைய 1 சதவீதம். கார்பன் லேசான அணு, எடைல கொஞ்சமா தெரியும், எண்ணிக்கைல நாலு மடங்குக்கு மேல. சிலிக்கானும் அப்படித்தான், எடைல 1.8ன்றது எண்ணிக்கைல மூணரை பக்கம் வருது. இத மாத்தி குடுக்க அதுலயே ஒரு ஃபங்ஷன் இருக்குது, அத மொதல்லயே பழகிக்கங்க. தப்பா போட்டாலும் படம் அழகா தான் வரும், அதான் ஆபத்து.

எதையும் நம்புறதுக்கு முன்னாடி தெரிஞ்ச படத்த ஒரு தடவ போட்டு பாருங்க. நான் வெறும் இரும்பு குரோமியம் மட்டும் போட்டேன், சிக்மாவோட உச்சி 830 பக்கத்துல வந்து நின்னுது, அப்போ தான் மனசுக்கு தைரியம் வந்துது.

சரி, எங்க ட்ரேக்கு வருவோம். எச்கே கிரேடுக்கு ஏஎஸ்டிஎம்ன்ற தரநிர்ணய அமைப்போட ஸ்பெக்கு இன்னா சொல்லுதுன்னா குரோமியம் 24ல இருந்து 28, நிக்கல் 18ல இருந்து 22, கார்பன் 0.20ல இருந்து 0.60, சிலிக்கான் 2 வரைக்கும். எங்களுது குரோமியம் 27.5, நிக்கல் 18.3, கார்பன் 0.22, சிலிக்கான் 1.8. பாருங்க, எல்லாமே உள்ள தான், ஆனா ஒவ்வொண்ணும் ஒரு மூலைல ஒட்டிக்கினு இருக்குது. குரோமியமும் சிலிக்கானும் சிக்மாவ வா வான்னு கூப்பிடுற தனிமங்க, நிக்கலும் கார்பனும் அத தள்ளுற தனிமங்க. எங்களுக்கு கூப்பிடுறது ரெண்டும் மேல் ஓரத்துல, தள்ளுறது ரெண்டும் கீழ் ஓரத்துல. ட்ரே ஓடுற ஃபர்னஸோ 750 டிகிரி, சிக்மா வளர்றதுக்குன்னே வெச்ச மாதிரி.

இத பைகால்ஃபேட்ல 600ல இருந்து 1300 டிகிரி வரைக்கும் போட்டு ஒவ்வொரு ஃபேஸும் எவ்ளோன்னு கிராஃப் எடுத்தேன். அப்புறம் அதே ஸ்பெக்குக்குள்ளயே எதிர் மூலைய எடுத்தேன், குரோமியம் 24.5, நிக்கல் 21.5, கார்பன் 0.45, சிலிக்கான் 0.8. ரெண்டு கிராஃபையும் பக்கத்துல பக்கத்துல வெச்சப்போ எனக்கு கொஞ்ச நேரம் பேச்சு வரல. மொதல் படத்துல சிக்மா பெரிய மேடு மாதிரி எழும்பி நிக்குது, ரெண்டாவதுல அது நல்லா ஒடுங்கி போச்சி. ரெண்டுமே ஒரே கிரேடு, ஒரே பேரு, ஒரே சர்டிஃபிகேட். ஸ்பெக்குன்றது ஒரு ரூமு மாதிரி, அந்த ரூமுல எந்த மூலைல நிக்குறோம்னு யாரும் கேக்குறது இல்ல, ஃபவுண்டரியும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்ல.

கார்பன் எப்படி சிக்மாவ தடுக்குதுன்றதும் இதுல தான் எனக்கு கண்ணால தெரிஞ்சுது. எம்23சி6னு ஒரு கார்பைடு, 6 கார்பன் அணு 23 உலோக அணுவ பிடிச்சிக்கும், அதுல பெரும்பங்கு குரோமியம். அப்போ ஒரு சதவீதம் கார்பன் இருந்தாலே நாலு சதவீதம் கிட்ட உலோகத்த இழுத்துக்கும், கார்பன் ரெண்டு மடங்கானா அந்த இழுப்பும் ரெண்டு மடங்கு, மிச்சம் இருக்குற ஆஸ்டினைட்ல (ட்ரேவோட முக்கிய ஃபேஸ் அது) குரோமியம் கொறையுது, சிக்மாவுக்கு தீனி இல்லாம போகுது. எங்க ஊர்ல குரோமியம்னா தோல் ஷெட்டு ஞாபகம் தான் வரும் எல்லாருக்கும், ஒரு ட்ரேக்குள்ள அதுக்கு இவ்ளோ பெரிய இழுபறி நடக்குதுன்னு நான் நெனச்சதே இல்ல.

கணக்கு சொல்லிடுச்சின்னு அப்படியே விட்டுடல. உடைஞ்ச துண்டுல ஒரு பீஸ் வெட்டி, பக்கத்து காலேஜ் மெட்டலர்ஜி லேப்ல பாலிஷ் போட்டு, காஸ்டிக் கரைசல்ல எலக்ட்ரோலிடிக் எட்ச் பண்ணி (கரண்ட் விட்டு மேல்பரப்ப லேசா அரிச்சி) பாத்தாங்க, கிரெய்னுன்ற குட்டி படிகங்களோட ஓரம் பூரா சிக்மா பழுப்பு நெறத்துல படர்ந்து கெடக்குது. அப்புறம் கணக்குல மேல போனா சிக்மா கரைஞ்சிடுதுன்னு தெரிஞ்சதால, உடையாத பழைய ட்ரே ஒண்ண 1050 டிகிரிக்கு ஏத்தி, நல்லா ஊற வெச்சி, சீக்கிரமா ஆற வெச்சோம். ஃபோர்மேன் அண்ணன் சுத்தியால ஓரத்துல தட்டி பாத்தாரு, உடையல, "இப்போ உயிரு வந்துடுச்சி தம்பி"னாரு. திரும்ப 750லயே ஓட்டுனா திரும்ப சிக்மா வரும்னு அவருக்கு கிராஃப காட்டுனேன், அவரு எட்டாவது வரைக்கும் தான் படிச்சவரு, கிராஃப்ல இருந்த கோட்ட விரலால தடவி பாத்துட்டு "அப்போ இந்த மேட்டுக்கு வெளிய இருக்குற சரக்கு வாங்கணும்"னு நேரா விஷயத்துக்கு வந்துட்டாரு. அலாய் டிசைன்னா அவ்ளோதான்.

அதனால அடுத்ததா நிக்கல் கூட உள்ள எச்டி கிரேடு பாத்தோம், குரோமியம் 17 பக்கம், நிக்கல் 35 பக்கம். கணக்குல சிக்மா தொல்லை இல்ல. குரோமியம் கம்மின்றதால ரொம்ப சூட்டுல ஆக்சைடு பாதுகாப்பு கொறையும், ஆனா 750க்கு அது தாராளம். விலை கூட தான், நிக்கல் ஆச்சே. ஓனர் மொதல்ல மொகத்த சுளிச்சாரு, உடைஞ்ச ட்ரேவோட கணக்கையும் ரெண்டு கிராஃபையும் வெச்சதும் ஒத்துக்கிட்டாரு.

இப்போ குறைங்க. மொத குறை, டேட்டாபேஸ். பைகால்ஃபேட் கணக்கு போடுற மெஷின் மட்டும் தான், அலாய் டேட்டா நீங்க தான் கொண்டாரணும், டிடிபின்னு ஒரு ஃபைல். மிக்சி வாங்குன மாதிரி, மாவு நாம தான் ஊத்தணும். வியன்னால இருந்து மேட்கால்க்காரங்க இரும்பு, நிக்கல், அலுமினியத்துக்கு ஓப்பன் டேட்டாபேஸ் விட்டு இருக்காங்க, நான் இரும்புக்கானது தான் எடுத்தேன். டிடிபி ஃபைல் எழுதுறதுல ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் ஒரு வழக்கம், அதனால ஒண்ணுக்கு எழுதுனத இன்னொண்ணுல போட்டா சில வரி கையால சரி பண்ண வேண்டி வரலாம். இன்னொண்ணு, டேட்டாபேஸ் எந்த காம்போசிஷனுக்காக சரி பாத்து கட்டுனாங்களோ அதுக்குள்ள தான் நம்பலாம். 35 நிக்கல் போட்டப்போ இரும்பு டேட்டாபேஸோட ஓரத்துக்கு வந்துட்டோம்னு சந்தேகம் வந்து நிக்கல் டேட்டாபேஸ்லயும் ஓட்டி பாத்தேன், ரெண்டும் ஒரே விஷயத்த சொன்னதுக்கு அப்புறம் தான் ஆர்டர் போட சொன்னேன்.

ரெண்டாவது, இது நேரத்த சொல்லாது. 750ல சிக்மா வரும்னு சொல்லும், நூறு மணி நேரத்துலயா பத்தாயிரம் மணி நேரத்துலயான்னு சொல்லாது. அதுக்கு அணு எவ்ளோ வேகமா நகருதுன்ற டேட்டா வேணும், அது தனி கணக்கு. வலிமை, க்ரீப் (சூட்டுல பாரம் தாங்கி மெல்ல நீள்றது), ஆக்சிடேஷன் இதெல்லாமும் இந்த கிராஃப்ல இருக்காது. இத புரிஞ்சிக்காம ஓட்டுனவன் "கம்ப்யூட்டர் சொல்லிச்சி"ன்னு நாளைக்கே ட்ரேவ தூக்கி போட்டுடுவான். தனிமம் அதிகமாக அதிகமாக கணக்கும் மெதுவாகும், என் பழைய லேப்டாப்ல அஞ்சு தனிமம் நல்ல நெருக்கமா ஓட்டுனா கீழ எறங்கி ஒரு டீ குடிச்சிட்டு வர்ற நேரம் ஆகுது, எனக்கு அது பிரச்சனை இல்ல.

கூடவே ஷைல்னு ஒரு துணை பேக்கேஜ் இருக்குது, பைகால்ஃபேட் மேல ஓடுறது. வார்ப்பு ஆறும்போது கெட்டியான பகுதில அணு நகராதுன்னு வெச்சிக்கினு, கடைசி சொட்டு திரவத்துல இன்னா சேரும்னு கணக்கு போடும். ஃபவுண்டரிக்காரருக்கு இத தான் காட்டுனேன், கடைசியா உறையுற எடத்துல குரோமியமும் கார்பனும் போய் குவியுறத பாத்துட்டு அவரே "இத எனக்கு ஒரு பிரிண்ட் குடுங்க"ன்னு வாங்கிக்கினு போனாரு. மொத நாள் பேப்பர நீட்டுனவரு தான்.

நம்ம ட்ரே சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க, இதே சிக்மா ஜெட் இன்ஜின்காரங்களையும் படாத பாடு படுத்தி இருக்குது. நிக்கல் சூப்பர் அலாய்க்கு பலமே காமா பிரைம்னு சொல்ற, நிக்கலும் அலுமினியமும் மூணுக்கு ஒண்ணுன்னு ஒழுங்கா அடுக்குன குட்டி குட்டி துகளுங்க தான். இன்னும் பலம் வேணும்னு டங்ஸ்டன், ரீனியம், மாலிப்டினம்னு அள்ளி போட்டா சிக்மாவும் அதோட கூட்டாளிங்களும் வந்து ஒக்காந்துக்கும். 1964ல ஃபாகாம்ப்னு ஒரு முறை கொண்டாந்தாங்க, எலக்ட்ரான் கணக்க வெச்சி ஒரே ஒரு நம்பர், அந்த நம்பர தாண்டுனா சிக்மா வரும்னு. அது எச்சரிக்கை மணி மாதிரி, எந்த சூட்டுல எவ்ளோ வரும்னு சொல்லாது. கால்ஃபேட் அந்த ரெண்டையும் சொல்லுது, அதான் வித்தியாசம். 2023ல நாசா ஜிஆர்எக்ஸ்-810ன்னு 1093 டிகிரி சூட்டுக்கான அலாய் பத்தி வெளியிட்டாங்க, நிக்கல் கோபால்ட் குரோமியத்துல யிட்ரியம் ஆக்சைடு துகள் கலந்தது, அந்த காம்போசிஷன முடிவு பண்றதுலயும் தெர்மோடைனமிக் மாடல் தான் முன்னாடி நின்னுது. நம்ம நாட்டுலயும் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம் ஐஜிசிஏஆர், பாய்லர் செய்யுற பெல் (BHEL), மின்சாரம் தயாரிக்கிற என்டிபிசி மூணு பேரும் சேந்து 700 டிகிரிக்கு மேல நீராவி ஓடுற மின் நிலையத்துக்கு அலாய் 617, 304எச்சியூ மாதிரி குழாய் சரக்குல வேலை பண்ணி இருக்காங்க. முத்துக்கடைல பஸ் ஏறும்போது பெல் ஐடி கார்டு மாட்டுன அண்ணனுங்கள தெனமும் பாக்குறேன், இப்போ அவங்கள பாத்தா வேற மாதிரி மரியாதை வருது.

யாருக்கு சரி வரும்னா, ஹீட் ட்ரீட்மென்ட், ஃபவுண்டரி, வெல்டிங் லைன்ல இருக்குற, கொஞ்சம் கோட் பாத்து பயப்படாத ஆளுக்கு. மெட்டலர்ஜி படிக்கிற பசங்க கண்டிப்பா கத்துக்கணும், எக்ஸாமுக்கு லீவர் ரூல் போடுறத விட நூறு மடங்கு புரியும். கோட் சுத்தமா ஆகாதுன்றவங்களுக்கு வேணாம், அவங்க தெரிஞ்ச லேப்ல குடுத்து ஓட்டி வாங்கறது நல்லது. அஞ்சு ஸ்டாருக்கு நாலரை குடுப்பேன், அந்த அரை ஸ்டார் டேட்டாபேஸ் தேடி அலைஞ்ச அலைச்சலுக்கு.

எச்டி ட்ரே வந்து எட்டு மாசம் ஆச்சி. மாசம் ஒரு தடவ ஆறுனதுக்கு அப்புறம் ஓரத்துல சுத்தியால தட்டி பாக்குறோம், இதுவரைக்கும் ஒரு சில்லும் பேரல. 950 டிகிரி ஃபர்னஸுக்கு எச்கே தான் இன்னும் வாங்குறோம், ஆனா பர்ச்சேஸ் ஆர்டர்ல வெறும் கிரேடு பேரு எழுதுறது இல்ல, குரோமியம் 26க்கு மேல வேணாம், நிக்கல் 20க்கு கீழ வேணாம், கார்பன் 0.35க்கு கொறையக்கூடாது, சிலிக்கான் 1.2 தாண்டக்கூடாதுன்னு நாலு வரி தனியா போகுது. போன வாரம் ஃபோர்மேன் அண்ணன் டெம்பரிங் ஃபர்னஸோட ரோலர் சர்டிஃபிகேட்ட கொண்டாந்து என் டேபிள்ல வெச்சி "இதுக்கும் அந்த மேடு எங்க இருக்குதுன்னு போட்டு பாரு தம்பி"னு சொல்லிட்டு போயிருக்காரு, இன்னிக்கி ராத்திரி அது தான் ஓடிக்கினு இருக்குது.